ஏரிக்கரையில் ஓர் அளவுகுச்சி

அல்சூரில் படகு மிதக்கும் தண்ணீர் ஒன்று, குடம் நிறையும் தண்ணீர் வேறொன்று. இரண்டுக்கும் நடுவே குச்சியை விட்டு அளந்து பார்த்தபடியே வாழ்கிறது பெங்களூரின் இந்தப் பழைய பேட்டை.

அல்சூரில் தண்ணீரைப் பார்க்க இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்று ஏரி. சுமார் 50 ஹெக்டேர் பரப்பு, நடுவே மரம் அடர்ந்த தீவுகள், ஓரமாகப் படகுத்துறை, சுற்றிலும் நடைபாதை. இன்னொன்று ஏரிக்குத் தெற்கே, கடைத்தெருவையும் சோமேஸ்வரர் கோயிலையும் சுற்றி நெருக்கியடித்து நிற்கும் சந்துகளில் இருக்கிறது. வீட்டு வாசலில் தரையோடு தரையாகப் பதிந்த சதுர இரும்பு மூடி அது. வெளியூர்க்காரர்கள் ஏரியைப் பார்க்க வருகிறார்கள். உள்ளூர்க்காரர்களின் கவலையெல்லாம் அந்த மூடிக்குக் கீழே.

மூடிக்குக் கீழே இருப்பது சம்ப் என்று எல்லோரும் அழைக்கும் நிலத்தடித் தொட்டி. குழாயில் காவிரி வரும்போது அதில் இறங்கும். அங்கிருந்து மோட்டார் மாடித் தொட்டிக்கு ஏற்றும். குழாயில் தண்ணீர் வரும் நேரத்தைக் குடிநீர் வாரியம் தீர்மானிக்கிறது. அதற்குப் பிறகு அடுத்த முறை வரும்வரை அந்த வீட்டுக்கு மிச்சம் இருப்பது தொட்டியில் உள்ளது மட்டும்தான். எனவே காலையில் மூடியைத் தூக்கி, டார்ச் அடித்து, ஒரு குச்சியை விட்டு, நனைந்த உயரத்தைப் பார்ப்பது பல வீடுகளில் பால் காய்ச்சுவது போன்ற ஓர் அன்றாட வேலை. “எவ்வளவு இருக்கு?” என்று உள்ளே இருந்து குரல் வரும். “ஒரு முழம்” என்று பதில் போகும். அன்றைக்குத் துணி துவைப்பதா வேண்டாமா என்பது அந்த ஒரு முழத்தில் முடிவாகிவிடும்.

இதே கேள்வியை இதே பதற்றத்துடன் கேட்கும் இன்னொரு கூட்டம் உலகில் உண்டு. சிறிய பாய்ப்படகில் கடல் கடக்கிறவர்கள். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். ஒரு வாய் குடிக்க முடியாது. படகின் அடியில் இருக்கும் நன்னீர்த் தொட்டிதான் உயிர். அதில் எவ்வளவு இருக்கிறது என்பதை நாள்தோறும் பார்த்துக் குறித்து வைப்பது திசை பார்ப்பதற்கு அடுத்த கடமை.

அல்சூருக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். ஏரியின் ஒரு பக்கம் முழுக்க ராணுவத்தின் நிலம். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்று பெயர் பெற்ற மெட்ராஸ் எஞ்சினியர் குரூப்பின் தலைமையிடம் அது. 1780-இல் வேர்விட்ட இந்தப் படைப்பிரிவு, ராணுவப் பொறியாளர் படையின் மூன்று பெரும் குழுக்களில் ஒன்று. பாலம் போடுவதும் ஆறு கடப்பதும் சாப்பர்களின் தொழில்; எனவே தண்ணீரும் படகும் அவர்களுக்கு அந்நியமல்ல. இந்தப் பொறியாளர் படையின் அதிகாரிகள்தான் 1985 செப்டம்பரில் இங்கிலாந்திலிருந்து 37 அடி நீளப் பாய்ப்படகு ஒன்றில் புறப்பட்டு, உலகைச் சுற்றி, 1987 ஜனவரியில் பம்பாய் வந்து சேர்ந்தார்கள். இந்தியப் படகு ஒன்று உலகைச் சுற்றி வந்தது அதுவே முதல் முறை. படகின் பெயர் திரிஷ்ணா. வடமொழியில் ‘தாகம்’ என்று பொருள். சாகசத் தாகத்தை மனத்தில் வைத்துச் சூட்டிய பெயராக இருக்கலாம். ஆனால் முப்பத்தேழு அடிப் படகில் கடல் கடப்பவர்களுக்கு அதன் நேர்ப்பொருளும் மறந்திருக்க வழியில்லை.

பின்னாளில் இது பெருகியது. 2012 நவம்பரில் மும்பையிலிருந்து புறப்பட்ட கடற்படை அதிகாரி அபிலாஷ் டாமி, எங்கும் கரை தொடாமல் தனியாக உலகைச் சுற்றி 2013-இல் திரும்பினார். 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து தாரிணி படகில் கிளம்பிய இரண்டு பெண் அதிகாரிகள் 2025 மே மாதம் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவரான ரூபா அழகிரிசாமி புதுச்சேரிக்காரர். இத்தகைய பயணங்களில் கடல்நீரை நன்னீராக்கும் கருவி இருக்கலாம், பாயில் வழியும் மழையைப் பிடித்துக்கொள்ளலாம். கருவி பழுதாகலாம், மழை பொய்க்கலாம். கடைசி நம்பிக்கை தொட்டிதான்.

தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துகொள்வது சுலபமான சமாச்சாரம் போலத் தோன்றும். அப்படியில்லை. முதல் சிக்கல் வடிவம். படகின் அடிப்பாகம் குறுகிக் கூராக இருக்கும். அதன் இடுக்கில் பொருத்தும் தொட்டியும் பெரும்பாலும் மேலே அகன்று கீழே ஒடுங்கியிருக்கும். 200 லிட்டர் பிடிக்கும் இத்தகைய முக்கோணத் தொட்டியில் குச்சி பாதி உயரம் நனைந்தால், புதியவர் 100 லிட்டர் இருப்பதாக நினைப்பார். உண்மையில் இருப்பது 50 லிட்டர்தான். உயரம் பாதியானால் அகலமும் பாதியாகிவிடுகிறது. எனவே கொள்ளளவு கால் பங்காகிவிடும். இரண்டு பேர் ஆளுக்கு மூன்று லிட்டர் வீதம் செலவழித்தால், பதினாறு நாளுக்குக் காணும் என்று நம்பிய தண்ணீர் எட்டு நாளில் தீர்ந்துபோகும். நடுக்கடலில் இந்தக் கணக்குப் பிழைக்கு விலை அதிகம்.

இரண்டாவது சிக்கல் சாய்வு. காற்று வாங்கிய படகு ஒரு பக்கம் சாய்ந்தே ஓடும். தொட்டியின் ஓரத்தில் அளவுமானி இருந்தால் படகு ஒரு பக்கம் சாயும்போது நிறைந்திருப்பதாகவும், மறுபக்கம் சாயும்போது காலியாக இருப்பதாகவும் காட்டும். அளவுமானியை நடுவில் பொருத்த வேண்டும். படகு நிமிர்ந்து நிற்கும்போதுதான் பார்க்க வேண்டும். மூன்றாவது சிக்கல் அடியில் தங்கும் கழிவு நீர். உறிஞ்சும் குழாயின் வாய்க்குக் கீழே உள்ளது கணக்கில் இருக்கும், கையில் வராது.

இதற்கெல்லாம் பழைய மாலுமிகள் கண்ட வழி எளிமையானது. காலித் தொட்டியில் பத்து லிட்டர் வாளியால் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு வாளிக்கும் குச்சியை விட்டு ஒரு கோடு கீறுவது. தொட்டி எத்தனை கோணலாக இருந்தாலும் அந்தக் குச்சி பொய் சொல்லாது. அடுத்தது, ஒரே பெரிய தொட்டியில் எல்லாவற்றையும் வைக்காமல் இரண்டு மூன்றாகப் பிரிப்பது. ஒன்று ஒழுகினாலும் மற்றது மிஞ்சும். மூன்றாவது, திறந்தவுடன் கொட்டும் குழாய்க்குப் பதிலாகக் காலால் மிதிக்கும் சிறு பம்பு. மிதி எத்தனை என்று எண்ணினாலே செலவு தெரிந்துவிடும்.

இன்று கருவிகள் பலவிதம். தொட்டிக்கு வெளியே செங்குத்தாக நிற்கும் கண்ணாடிக் குழாய். உள்ளே எவ்வளவு உயரமோ குழாயிலும் அவ்வளவே. பெட்ரோல் டாங்கில் உள்ளதுபோல் மிதவையும் முள்ளும். தொட்டியின் அடியில் வைத்த அழுத்தமானி. ஒரு மீட்டர் உயரத் தண்ணீர் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 100 கிராம் எடை அழுத்தும் என்ற பள்ளிக்கூடப் பாடம்தான் அதன் ஆதாரம். மேல்மூடியிலிருந்து ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடும் கருவியும் உண்டு. மூடியில் நீர்த்துளி படிந்தால் அது குழம்பும்.

இந்தக் கருவிகளின் சொந்தக்காரர்கள் பெங்களூரிலும் உண்டு. மின்னணுச் சாமான்களுக்குப் பேர்போன எஸ்.பி. ரோடு கடைகளில் நீர்மட்டம் காட்டும் பலகை, தானாக மோட்டாரை நிறுத்தும் கன்ட்ரோலர், செல்பேசிக்குச் செய்தி அனுப்பும் சென்சார் என்று வரிசையாக வாங்கலாம். மலிவான வகையில் தொட்டிக்குள் சில உலோகக் கம்பிகள் தொங்கும். தண்ணீர் தொட்டவுடன் மின்சாரம் பாயும், விளக்கு எரியும். போர்வெல் தண்ணீரின் உப்பு கம்பியில் சுண்ணாம்பாகப் படிந்ததும் விளக்கு எரியாது. அப்போது மறுபடி குச்சிதான். நேர்ச்சுவர் எழுப்பிய சம்பில் கணக்கு சுலபம்: இரண்டு மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம் என்றால் குச்சியில் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 30 லிட்டர். நான்கு பேர் வீட்டில் நாளைக்குப் பதினைந்து சென்டிமீட்டர் இறங்கினால் 450 லிட்டர் செலவு. யாரும் குழாயைத் திறக்காத இரவில் மூன்று சென்டிமீட்டர் இறங்கியிருந்தால், எங்கோ ஒழுகுகிறது. குச்சி இருப்பதை மட்டுமல்ல, திருட்டையும் காட்டிக்கொடுக்கும்.

அல்சூர் ஒரு காலத்தில் இப்படிக் குச்சி விட்டுக்கொண்டிருக்கவில்லை. ஹலசு என்றால் கன்னடத்தில் பலா. பலாத்தோப்பு இருந்த ஊர் ஹலசூரு ஆயிற்று என்பார்கள். ஆங்கிலேயர் நாக்கில் அது அல்சூர். ஏரியைக் கெம்பேகவுடர் வம்சத்துடன் சேர்த்துச் சொல்வது வழக்கம். 1860-களில் மைசூர் கமிஷனராக இருந்த பவ்ரிங்கின் பெயரும் ஏரியின் வரலாற்றில் அடிபடுகிறது. 1809-இல் கண்டோன்மெண்ட் உருவானபோது மதராஸ் ராணுவத்தின் பின்னாலேயே வந்த தமிழர்கள் - சிப்பாய்கள், ஒப்பந்தக்காரர்கள், வியாபாரிகள், தோட்டக்காரர்கள், சமையல்காரர்கள் - அல்சூரிலும் சுற்றுவட்டாரத்திலும் நிலைத்தார்கள். கட்டட ஒப்பந்தக்காரராகச் செல்வம் சேர்த்த ஆற்காடு நாராயணசாமி முதலியார் 1873-இல் தொடங்கிய பள்ளி இன்றும் கல்வி நிறுவனங்களாக நிற்கிறது. ஏரியை ஒட்டிய அண்ணாசாமி முதலியார் சாலையில் பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் இருக்கிறது.

அந்தக் கண்டோன்மெண்டுக்கு ஏரிகளும் கிணறுகளும்தான் தண்ணீர் கொடுத்தன. அல்சூர் ஏரியும் அதில் ஒன்று. 1876-78 பெரும் பஞ்சம் அந்த நம்பிக்கையை உலுக்கியது. 1882-இல் கர்னல் சாங்கி பெயரில் ஒரு புதிய ஏரி வந்தது. 1896 வாக்கில் அர்க்காவதி ஆற்றின் ஹெசரகட்டா நீர் குழாயில் வந்தது. 1933-இல் திப்பகொண்டனஹள்ளி. குழாய் நீளநீள, பக்கத்து ஏரி பார்வையிலிருந்து விலகியது. 1974-இல் காவிரி வந்து சேர்ந்தது. சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்துக்கு, மூன்று கட்டமாகப் பம்பு செய்து கொண்டுவரப்படும் தண்ணீர் அது. வாசலில் ஏரி இருக்க, அல்சூர் வீட்டு சம்ப் தூரத்து ஆற்றை நம்பியதாயிற்று.

ஏரி கட்டி வாழ்ந்த காலத்தில் மட்டத்தைப் பார்ப்பதற்கு ஊரில் ஒருவர் இருந்தார். கன்னடத்தில் நீருகண்டி; தமிழ்நாட்டில் மடையர், நீர்பாய்ச்சி. மதகு எப்போது திறப்பது, யாருக்கு எத்தனை நாழிகை என்பது அவர் பொறுப்பு. கன்னடத்துத் தூபும் தமிழ்த் தூம்பும் ஒரே சொல்தான். தமிழ்நாட்டுக் குமிழித் தூம்பில் மேல்துளை வழியே தெளிந்த நீரும், அடித்துளை வழியே சேறும் தனித்தனியே போகும். நீரின் அளவை மட்டுமின்றித் தரத்தையும் பார்த்தவர்கள் அவர்கள். இன்று அந்த வேலையை ஒவ்வொரு வீடும் தனித்தனியாகச் செய்கிறது.

வீட்டுத் தொட்டியைத் தாண்டி இன்னொரு மட்டத்தையும் அல்சூர் கவனிக்கிறது. மழைக்காலம் தப்பும் ஆண்டுகளில் கன்னடப் பத்திரிகையில் கிருஷ்ணராஜசாகர் அணையின் அளவு வரும்: முழு மட்டம் 124.80 அடி. தமிழ்ப் பத்திரிகையில் மேட்டூர் அளவு வரும்: முழு மட்டம் 120 அடி. இரண்டையும் படிக்கிற ஊர் இது. படகுத் தொட்டியின் பாடம் இங்கும் பொருந்தும். அணையும் மேலே அகன்று கீழே ஒடுங்கிய பாத்திரம்தான். மேட்டூரின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. 60 அடி என்றால் பாதி இருக்கிறது என்று நினைப்பவர் ஏமாறுவார். கால் பங்கைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். அடிக் கணக்கில் சண்டை போடுகிறவர்கள் பலரும் டி.எம்.சி. கணக்கைப் பார்ப்பதில்லை. கோபம் ஏறும் வேகத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

அந்தக் கோபத்தின் விலையை அல்சூர் அறியும். காவிரி நடுவர் மன்றம் 1991 ஜூனில் 205 டி.எம்.சி. தர வேண்டும் என்று இடைக்கால உத்தரவிட்டது. டிசம்பரில் அது அரசிதழில் வெளியானதும் பெங்களூரில் தமிழர்கள் மீது வன்முறை வெடித்தது. வீடுகளும் கடைகளும் எரிந்தன. ஆயிரக்கணக்கானோர் ஊரைவிட்டு ஓடினார்கள். அதே ஆண்டு ஏரிக்கு அருகே நிறுவப்பட்ட திருவள்ளுவர் சிலை திறக்கப்படாமல் 18 ஆண்டுகள் மூடியபடியே நின்றது. 2009 ஆகஸ்ட் 9 அன்று எடியூரப்பா முன்னிலையில் கருணாநிதி அதைத் திறந்துவைத்தார். நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. 2016 செப்டம்பரில் மறுபடி தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகள் பெங்களூரில் எரிந்தன. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழகத்தின் பங்கை 177.25 டி.எம்.சி.யாக நிர்ணயித்து, பெங்களூரின் குடிநீருக்காகக் கூடுதலாக 4.75 டி.எம்.சி. கொடுத்தது. அந்தக் கூடுதல் தண்ணீரைக் குடிப்பவர்களில் அல்சூர்த் தமிழர்களும் உண்டு. மேட்டூர் குறைந்தால் ஊரில் உள்ள உறவினரின் வயல் காயும். கிருஷ்ணராஜசாகர் குறைந்தால் இங்கே சம்ப் காயும். எந்தப் பக்கம் நிற்பது என்ற கேள்வி இந்தச் சந்துகளில் அவ்வளவு சுலபமானதல்ல.

2024 மார்ச் மாதம் நகரமே குச்சியைக் கையில் எடுத்தது. முந்தைய ஆண்டு மழை பொய்த்ததில் ஆயிரக்கணக்கான ஆழ்துளைக் கிணறுகள் வறண்டன. தம் வீட்டு போர்வெல்லே வற்றிவிட்டதாகத் துணை முதல்வர் டி.கே. சிவகுமார் சொன்னார். குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. குழாய் முனையில் காற்று கலந்து நீரைக் குறைக்கும் சிறு சல்லடைகள் கட்டாயமாயின. லாரித் தண்ணீருக்கு அரசு விலை நிர்ணயித்தது. அதே ஆண்டு அக்டோபர் 16 அன்று காவிரி ஐந்தாம் கட்டம் தொடங்கப்பட்டது: நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர், நகரத்துடன் 2007-இல் சேர்ந்த 110 கிராமங்களுக்காக. தொட்டி பெரிதாகியிருக்கிறது. ஆனால் படகில் இருப்பவர்களுக்குத் தெரியும், தொட்டி பெரிதானால் கணக்குப் பார்க்கும் பழக்கம்தான் முதலில் போகும்.

இத்தனைக்கும் நடுவில் ஏரி என்ன ஆயிற்று? மட்டத்தை மட்டும் பார்த்தால் அல்சூர் ஏரி பெரும்பாலும் நிறைந்த ஏரிதான். ஆனால் அளவுமானி சொல்லாத ஒன்றையும் பாய்ப்படகுக்காரர்கள் அறிவார்கள். தொட்டியின் காற்றுக்குழாய் வழியே கடல்நீர் புகுந்துவிட்டால் முள் ‘நிறைவு’ என்றே காட்டும்; நாக்குதான் உண்மையைச் சொல்லும். அதனால் மட்டம் பார்ப்பவர் ஒரு மடக்குக் குடித்தும் பார்ப்பார். நகரத்துச் சாக்கடை கலந்த மழைநீர்க் கால்வாய்கள் வந்து சேரும் ஏரிக்கு இந்த இரண்டாவது சோதனை முக்கியம். 2016 மார்ச் மாதம் ஒருநாள் காலையில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தபோது ஏரியில் தண்ணீருக்குக் குறைவில்லை. நீரில் மூச்சுக் காற்றுதான் இல்லை.

கோயிலிலும் இதே கதைதான் வேறு வடிவில் இருக்கிறது. விஜயநகரக் கால வேலைப்பாடு மிக்க சோமேஸ்வரர் கோயிலுக்கு ஒரு கல்யாணி, அதாவது தெப்பக்குளம், உண்டு என்பதையே ஊர் மறந்திருந்தது. 2010 வாக்கில் அருகே மண்ணைத் தோண்டியபோது படிக்கட்டுகள் வெளிப்பட்டன. தெப்பக்குளத்தின் படிக்கட்டும் ஓர் அளவுமானிதான்: இன்றைக்கு எத்தனை படி நனைந்திருக்கிறது என்று வழியில் போகிறவரெல்லாம் எண்ணிவிடலாம். யாருடைய வீட்டு மூடியையும் திறக்க வேண்டாம். மட்டம் எல்லோர் கண்ணிலும் பட்ட காலத்தில் அது எல்லோருடைய பொறுப்பாகவும் இருந்தது.

அல்சூருக்குப் போவது சுலபம். மெஜஸ்டிக்கிலிருந்து மெட்ரோவின் ஊதா வழித்தடத்தில் ஏறினால் ட்ரினிடிக்கு அடுத்த நிலையம் ஹலசூரு. இறங்கி முதலில் கடைத்தெருவும் கோயிலும் பார்க்கலாம். பிறகு வள்ளுவர், பிறகு ஏரி. ஏரியோரக் கென்சிங்டன் சாலையில் குருத்வாராவின் வெள்ளைக் கட்டடம் மாலை வெயிலில் நீரில் விழும்போது அழகாகத்தான் இருக்கும். படகு கிடைத்தால் ஒரு சுற்றுச் சுற்றலாம். குடிக்கத் தண்ணீர் பாட்டிலைக் கையோடு கொண்டுபோவது நல்லது.